மார்க்கில் முந்துகிறவள் மணி பார்த்து வீடு திரும்புவது ஏன்?

பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் வழக்கமாகப் போடும் தலைப்பு ஒன்று உண்டு: இந்த ஆண்டும் மாணவிகளே முன்னிலை. 2024இல் மாணவிகளின் தேர்ச்சி 96.44 விழுக்காடு, மாணவர்களின் தேர்ச்சி 92.37. கல்லூரியிலும் பெண்கள் பின்தங்கவில்லை. 2021-22 கணக்கில் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது 18 முதல் 23 வயதினரின் எண்ணிக்கையில் நூற்றுக்கு எத்தனை பேர் உயர்கல்வியில் என்ற கணக்கு, இந்திய அளவில் 28.4, தமிழ்நாட்டில் 47. பெண்களும் ஆண்களுக்கு நிகராகச் சேர்ந்ததால்தான் அந்த எண் அவ்வளவு உயரத்துக்குப் போனது.

இதைக் காட்டி, ஆணாதிக்கமெல்லாம் தாத்தா பாட்டி காலத்துச் சங்கதி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதே மாணவி கல்லூரி விடுதியில் சேர்ந்தால், ஆண்கள் விடுதியைவிடப் பல மணி நேரம் முன்னதாகவே அவளுடைய விடுதியின் கேட் மூடப்படுகிறது. வேலைக்குப் போனால், எந்த ஊர் வேலை என்பதை வீடு முடிவு செய்கிறது. கல்யாணம் என்று வந்தால், சாதகத்தோடு சம்பளச் சீட்டையும் சேர்த்துக் கேட்கிறார்கள். படிப்பு என்ற ஒரு கதவு உண்மையாகவே திறந்தது. ஆனால் அவளுடைய நேரத்தையும், அவள் போய் வரும் தூரத்தையும், அவள் யாரோடு வாழ்வாள் என்பதையும் வீடு இன்னும் தன் கையிலேயே வைத்திருக்கிறது. இன்றைய இளைஞர்களிடம் ஆண், பெண் பாத்திரங்கள் உருவாவது இந்த மூன்று இடங்களில்தான்.

இந்த வேலை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறது என்பதைப் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து, பல நாடுகளில் 10 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளிடம் ஓர் ஆய்வைத் தொடங்கின. 15 நாடுகளிலிருந்து கிடைத்த முதல் கட்ட முடிவுகள் 2017இல் வெளிவந்தன. டெல்லி, ஷாங்காய், பால்டிமோர், நைரோபி என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நகரங்கள். எல்லா இடத்திலும் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே பாடத்தைத்தான் கற்றிருந்தார்கள்: பெண் பலவீனமானவள், அவளைப் பாதுகாக்க வேண்டும், ஆண் பலசாலி, தன்னைத் தானே பார்த்துக்கொள்வான். பருவம் வந்ததும் பையனின் உலகம் விரிகிறது, பெண்ணின் உலகம் சுருங்குகிறது. இதைச் சொல்லிக் கொடுப்பதற்கென்று யாரும் வகுப்பு எடுப்பதில்லை. யார் எந்த வேலையைச் செய்கிறார்கள், யாரை எதற்குத் திட்டுகிறார்கள், யாரை எங்கே அனுப்புகிறார்கள் என்று பார்த்தே பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள்.

நம் வீடுகளையே எடுத்துக்கொள்ளலாம். வாசல் தெளிப்பது, பாத்திரம் விளக்குவது, துணி மடிப்பது, தம்பிக்குச் சோறு போடுவது மகளின் வேலை. கடைக்குப் போவது, கேஸ் சிலிண்டரை நகர்த்துவது, வண்டியில் யாரையாவது கொண்டுபோய் விடுவது மகனின் வேலை. இரண்டும் வேலைதானே என்று தோன்றும். மகனின் வேலை அவனை வெளியே அனுப்புகிறது, சொன்னதும் முடிந்துவிடுகிறது. மகளின் வேலை உள்ளேயே நடக்கிறது, நாளைக்கும் அப்படியே திரும்பி வருகிறது. பரீட்சை நேரத்தில் அம்மா மகளுக்கு விலக்கு கொடுப்பதுண்டு. ஆனால் அது அம்மா பார்த்துக் கொடுக்கிற சலுகை. மகனுக்குச் சலுகையே தேவைப்படாது.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதை நிமிடக் கணக்கில் பதிவு செய்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் இந்தியப் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடும் நேரம் 299 நிமிடம். ஈடுபடும் ஆணுக்கு 97 நிமிடம். அதைவிடவும் கனமான கணக்கு இன்னொன்று உண்டு. வீட்டு வேலையில் கொஞ்சமாவது கைவைத்த பெண்கள் 81 விழுக்காடு, ஆண்கள் 26 விழுக்காடு. அதாவது 6 வயதுக்கு மேற்பட்ட நான்கு ஆண்களில் மூன்று பேர் அன்றைய நாளில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவவில்லை. 2024இல் மீண்டும் எடுத்தபோது 299 என்பது 289 ஆகியிருந்தது. ஐந்து ஆண்டுகளில் பத்து நிமிடம். ஆண்களின் 97 நிமிடமும் 88 ஆகக் குறைந்திருந்தது.

பெண் வயதுக்கு வருவது இந்தக் கதையில் பெரிய திருப்பம். தமிழ்நாட்டில் அது வீட்டுக்குள் முடிகிற விஷயமாக இருப்பதில்லை. பச்சை ஓலைக் குச்சு, உளுந்தங்களி, தாய்மாமன் சீர், தட்டு வரிசை, பட்டுப்புடவை, மண்டபம், தெருமுனையில் பிளெக்ஸ் பேனர் என்று பூப்புனித நீராட்டு விழா ஊரறிய நடக்கிறது. பல குடும்பங்களுக்கு இதில் பணக் கணக்கும் உண்டு. பல ஆண்டுகளாக ஊரில் வைத்த மொய் திரும்பி வர வேண்டும், அதற்கு ஒரு விசேஷம் வேண்டும். ஏழெட்டு வகுப்பில் படிக்கிற பிள்ளைக்கு அது வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. பெண்ணைக் கொண்டாடுகிற மரபு இது என்று இதற்காகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நாளில் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிற கவனமும் பாசமும் பொய்யில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறுவாரத்திலிருந்து என்ன நடக்கிறது என்று பாருங்கள். தெருவில் விளையாடப் போகக்கூடாது. சைக்கிளைக் கொஞ்ச நாள் தொடாதே. துப்பட்டாவைச் சரியாகப் போடு. மாதத்தில் மூன்று நாள் பூஜை அறைப் பக்கம் வராதே. பக்கத்து வீட்டுப் பையனோடு நேற்று வரை விளையாடியவள் இன்று அவனோடு பேசினால் கேள்வி வருகிறது.

சீரைத் தாய்மாமன் ஏன் கொண்டுவருகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். தாய்மாமனுக்கோ அவர் மகனுக்கோ அந்தப் பெண் முறைப்பெண். சொந்தத்துக்குள் திருமணம் செய்வது இந்தியாவிலேயே தமிழ்நாட்டில்தான் அதிகம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே ஏறக்குறைய 28 விழுக்காட்டுப் பெண்கள் இரத்த உறவுக்குள் மணம் முடித்தவர்கள். சொத்தும் சாதியும் சொந்தத்தைவிட்டு வெளியே போகாமல் இருக்க வேண்டும் என்ற பழைய ஏற்பாட்டின் வாசலில் நின்றுதான் அந்தப் பிள்ளை நலங்கு வைத்துக்கொள்கிறாள்.

சாதி இல்லாமல் நம் ஊர் ஆணாதிக்கத்தை விளக்கவே முடியாது. அம்பேத்கர் 1916இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது வாசித்த கட்டுரையில் இதைத் தெளிவாக எடுத்து வைத்தார். சாதியின் சாரம் அகமணம், அதாவது தன் சாதிக்குள்ளேயே மணம் முடிப்பது. உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் மூன்றும் அந்த அகமணத்தைக் கட்டிக்காக்க வந்தவை என்பது அவர் வாதம். இன்று உடன்கட்டை இல்லை, குழந்தை மணமும் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் அகமணம் அப்படியே இருக்கிறது. ஆகவே அதைக் காக்கிற காவலும் வேறு உருவங்களில் இருக்கிறது. கல்லூரிப் பேருந்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வரிசை, வகுப்புக்கு வெளியே பேசினால் வீட்டுக்கு போன், செல்போனை வாங்கி மெசேஜ் பார்க்கிற அண்ணன். ஒழுக்கம், பாதுகாப்பு என்ற பெயரில் இவையெல்லாம் நடக்கின்றன. பெண் தன் விருப்பத்துக்கு யாரையாவது தேர்ந்தெடுத்துவிடுவாளோ என்ற பயம்தான் அடியில் இருக்கிறது.

அந்தப் பயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டாம். 2012 நவம்பரில் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சாதிமறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து, நாயக்கன்கொட்டாய் அருகே மூன்று தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டு வீடுகள் எரிக்கப்பட்டன. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பேருந்து நிலையம் அருகே, சாதி கடந்து மணந்த ஒரு தம்பதி வெட்டப்பட்டார்கள். இளைஞர் இறந்துபோனார். கண்காணிப்பு கேமராவில் பதிவான அந்தக் காட்சி தமிழ்நாட்டு இளைஞர்களின் செல்போன்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. பதினேழு, பதினெட்டு வயதில் அதைப் பார்த்த பெண்ணுக்கும் பையனுக்கும் யாரும் தனியாக மிரட்டல் விட வேண்டிய தேவை இருக்கவில்லை.

பையனுக்கு இதில் என்ன வேடம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவனைப் பற்றிப் பேசுவதற்கு நமக்கு இன்னும் பழக்கம் வரவில்லை. அவன் சின்ன வயதிலேயே காவல்காரன் ஆக்கப்படுகிறான். அக்கா டியூஷனுக்குப் போனால் பத்து வயதுத் தம்பியைத் துணைக்கு அனுப்புகிறார்கள். மூத்தவளுக்கு இளையவன் காவல். அவனுக்கு அது பெருமையாக இருக்கிறது. பிறகு அந்தப் பெருமையே அவன் குணமாகிறது. அழுதால் "ஆம்பளப் புள்ள அழலாமா" என்கிறார்கள். சமையலறையில் நின்றால் "பொட்டப் புள்ள மாதிரி இங்க என்ன வேலை" என்கிறார்கள். இதையும் பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோதான் சொல்கிறார்கள். பயம், வருத்தம், தோல்வி எதையும் சொல்ல அவனுக்கு இடம் இல்லை. கோபத்தை மட்டும் எல்லோரும் அனுமதிக்கிறார்கள். சென்னையில் "ரூட்டு தல" என்று பேருந்து வழித்தடத்துக்கு ஒரு தலைவனை வைத்துக்கொண்டு கல்லூரிப் பையன்கள் கத்தியோடு மோதிக்கொண்ட சம்பவங்களை வெறும் ரவுடித்தனம் என்று ஒதுக்குவது சுலபம். கையில் காசும், வேலைக்கு உறுதியும், வீட்டில் மதிப்பும் இல்லாத பையன்களுக்கு, ஆண்மையை நிரூபிக்க ஒரு பேருந்தின் கூரை மட்டுமே கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

சம்பாதிப்பவன் என்ற பாத்திரமும் லேசானதில்லை. தமிழ்நாட்டில் பத்தாவதோடு, பன்னிரண்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற பையன்கள் நிறைய. சென்ட்ரிங் வேலை, கேட்டரிங், லோடு, டெலிவரி. அப்பா குடித்தாலோ விழுந்துவிட்டாலோ முதலில் நிற்பது மகனின் படிப்புதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். அவர்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் ஆண்கள். தொழில்வாரியாகப் பார்த்தால் தினக்கூலிகளே அதிகம். ஒவ்வொரு சாவுக்கும் தனிக் காரணம் இருக்கும். ஆனாலும், கடனும் குடும்பமும் தன் தலையில்தான், யாரிடமும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்களின் கணக்கு இது என்பதை மறந்து இதைப் படிக்க முடியாது.

ஆணாதிக்கம் வீட்டுக்குள் மட்டும் இருந்தால் அதை மாற்றுவது இவ்வளவு கடினமாக இருந்திருக்காது. அதிலிருந்து லாபம் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் 2000களில் பரவிய சுமங்கலித் திட்டம் இதற்கு நல்ல சான்று. திருமகள் திருமணத் திட்டம், மாங்கல்யத் திட்டம் என்றும் பெயர்கள் இருந்தன. ஏஜெண்டுகள் வறண்ட மாவட்டத்துக் கிராமங்களுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசுவார்கள். பெண்ணை மூன்று வருடம் மில்லுக்கு அனுப்புங்கள், விடுதி இருக்கிறது, வெளியே விடமாட்டோம், முடிவில் கல்யாணச் செலவுக்கு முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாகக் கொடுப்போம். பிடித்து வைத்த கூலியைத்தான் அப்படி மொத்தமாகத் தந்தார்கள். நடுவில் உடம்பு முடியாமல் திரும்பி வந்தால் பல பெண்களுக்கு அந்தத் தொகையும் இல்லை. "வெளியே விடமாட்டோம்" என்பது சிறைவாசகம். பெற்றோருக்கு அதையே உத்தரவாதமாக விற்றார்கள், அவர்களும் நம்பி வாங்கினார்கள். வரதட்சணை 1961லேயே சட்டப்படி குற்றம். அந்தக் குற்றத்துக்குப் பணம் சேர்க்கும் வழி என்று வெளிப்படையாக விளம்பரம் செய்து ஆள் எடுத்தார்கள்.

தொண்டு நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் வெளிநாட்டு வாங்குபவர்களும் நெருக்கியதில் அந்தப் பெயரில் திட்டம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனால் அடிப்படை எண்ணம் மறைந்ததாகத் தெரியவில்லை. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். மகத்தான விஷயம், சந்தேகமே இல்லை. அவர்களில் மிகப் பலர் படிப்பு முடிந்து, கல்யாணம் ஆவதற்கு முந்தைய இடைவெளியில் வேலைக்கு வருகிறவர்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே, விடுதி உணவு ஒத்துக்கொள்ளாமல் பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட பிறகு, செல்போன் தொழிற்சாலைப் பெண்கள் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில், 2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில், அங்குள்ள ஐபோன் ஆலை திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் தவிர்க்கிறது என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட, மத்திய தொழிலாளர் துறை மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. ஒரு பெண்ணின் வேலை வாழ்க்கை கல்யாணம் வரைதான் என்று வீடும் ஆலையும் ஒன்றாக நினைத்தால், பத்தொன்பது வயதில் அந்தப் பெண் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்வாள்?

சொத்திலும் இதே கதைதான். பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று 1929இலேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட மண் இது. 1989இல் தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது. இந்திய அளவில் 2005இல்தான் வந்தது. ஆனாலும் பத்திரப்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால், அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க அக்கா தங்கைகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். "உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்ற ஒரு சொல் போதும். பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்ற பயமும் உண்டு. அத்தை கையெழுத்துப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற அண்ணன் மகள், சட்டப் புத்தகத்தில் படித்ததைவிட அதையே நன்றாக நினைவில் வைத்துக்கொள்கிறாள்.

அப்படியானால் எதுவுமே மாறவில்லையா? மாறியிருக்கிறது, அதில் ஒரு பகுதி மிக ஆழமான மாற்றம். புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தை நினைத்துப் பாருங்கள். எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு உறுதியாகத் துணை நின்றார். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், செவிலியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் மிதித்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள், முன் கம்பியில் குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு. கேலி செய்தவர்கள் நிறைய இருந்தார்கள். ஆனால் பேருந்துக்கும் அண்ணனுக்கும் கணவனுக்கும் காத்திருக்காமல் தண்ணீர் பிடிக்க, சந்தைக்குப் போக, வேலைக்குப் போக முடிந்தவளிடம் கேலி எடுபடவில்லை. பின்னாளில் பள்ளி மாணவிகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கியதும், 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்ததும் அதே திசையில் போனவை. ஓசிப் பயணம் என்று ஏளனம் செய்கிறவர்களிடம் ஒன்று கேட்கலாம். பஸ் காசுக்கு வீட்டில் கை நீட்டி, எங்கே போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்ற நிலை உங்களுக்கு எப்போதாவது இருந்ததா?

அரசுத் திட்டங்களின் போக்கையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் 1989இல் வந்தது திருமண உதவித் திட்டம். பெண் குறிப்பிட்ட வகுப்பு வரை படித்திருந்தால் கல்யாணத்துக்குப் பணம். பின்னால் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. பெற்றோர் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தி வைக்க அது உதவியது, ஆனால் படிப்பின் பலன் கல்யாணம் என்ற எண்ணத்தை அரசே சொல்வது போலவும் ஆனது. 2022இல் அதே திட்டத்தை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் என்று புதுமைப் பெண் திட்டம் ஆக்கினார்கள். பணம் அவள் பெயரில் வருகிறது, கல்யாணத்தோடு அதற்குத் தொடர்பில்லை. நான் மிக முக்கியமாக நினைக்கிற மாற்றம் இது. 2024இல் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று வந்தது. படிப்பைப் பாதியில் விடும் பையனின் பிரச்சினையையும் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம்.

பணமும் பஸ்ஸும் பெண்ணை வெளியே கொண்டுவரும். வீட்டுக்குள் அந்த 289 நிமிடத்தைக் குறைக்க அவை போதாது. அதற்குப் பள்ளியில் என்ன செய்யலாம் என்று கேட்டால், ஹரியானாவில் நடந்த ஒரு பரிசோதனையைச் சொல்வேன். இந்தியாவிலேயே பெண் குழந்தை விகிதம் மிக மோசமாக இருந்த மாநிலங்களில் ஒன்று அது. அங்கே 314 அரசுப் பள்ளிகளை எடுத்து, அவற்றில் ஒரு பகுதியில் ஏழாம் வகுப்பிலிருந்து மாணவ மாணவிகளிடம் ஆண், பெண் பாகுபாடு பற்றி இரண்டரை ஆண்டு தொடர்ந்து வகுப்புகள் நடத்தினார்கள். பிள்ளைகளின் எண்ணங்கள் மாறின, பிறகு திரும்ப அளந்தபோதும் அந்த மாற்றம் நின்றிருந்தது. நடைமுறையில் பையன்களிடம் மாற்றம் அதிகம் தெரிந்தது. வீட்டு வேலையில் கூடுதலாகக் கைகொடுப்பதாகச் சொன்னார்கள். பெண்களின் எண்ணம் மாறிய அளவுக்கு அவர்களின் அன்றாடம் மாறவில்லை. காரணம் எளிது. பையன் நினைத்தால் இன்று ராத்திரியே தன் தட்டைக் கழுவலாம். பெண் நினைத்தால் தனியாக வெளியூருக்குப் போய்ப் படிக்க முடியாது, அதற்கு அப்பா சம்மதிக்க வேண்டும்.

கேரளம் 2024இல் மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா சமையலறையில் தேங்காய் துருவுகிற படத்தைப் போட்டது. தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் அப்படிப்பட்ட படங்கள் வேண்டும், ஹரியானாவில் நடந்தது போன்ற வகுப்புகளும் வேண்டும். பிள்ளைகளோடு நிறுத்தினால், அங்கே போலவே வீட்டு வாசலில் போய் முட்டும். அம்மாக்களோடு பேச நம்மிடம் இடங்கள் இருக்கின்றன. 1989இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இன்று மாநிலம் முழுக்க இருக்கின்றன, பள்ளி மேலாண்மைக் குழுக்களிலும் பெற்றோர்தான் பெரும்பான்மை உறுப்பினர்கள். அப்பாக்களோடும் அண்ணன்களோடும் இதைப் பேச அப்படி ஓர் இடம் இன்னும் இல்லை. ஊதிய நாள் இழப்பு இல்லாமல் அப்பா வந்து உட்காரக்கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை ஒவ்வொரு அரசுப் பள்ளியும் நடத்தத் தொடங்கலாம். முதல் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வியும் இருக்கிறது: பிளஸ் டூ முடித்த உங்கள் மகள் வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தும் சேரவில்லை என்றால், அதை முடிவு செய்தது யார்?